பச்சைத் தண்ணி

வரதராசாவுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் ஒன்றுதான். பேச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரம், அம்மரூட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் எட்டாம் தளம். மூன்று பேர் இருக்கக்கூடிய சோபாவின் நட்டநடுவில் அவர் ஒருவரே இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைத்தொலைபேசியை ஒரு முழத் தூரத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமை தமிழ் மண்டபத்தில் அவருடைய உரை. ‘பாலகரும் வயிற்றுப்போக்கும்: இருபத்தொரு ஆபத்துக் காரணிகள்’. உரையாற்றுபவர் சங்கத்தின் சுகாதார உபகுழுத் தலைவர். அந்த உபகுழுவில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவருக்கும் தாங்கள் அதில் இருக்கிற செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

உரைக்கு ஒரு ஒத்திகை வேண்டியிருந்தது. ஒத்திகைக்கு ஒரு வயிற்றுப்போக்கு வேண்டியிருந்தது. தம்பி மகன் ரிசாந்தின் வீட்டில் அது பத்தொன்பது நாளாக இருந்தது.

“பிள்ளை, கேக்குதே? ஆறாவது காரணி, ஈக்கள்.”

“இஞ்சை மைனஸ் பதினொண்டு, மாமா. ஈ எங்காலை வரப்போகுது?” குளியலறைக்குள் இருந்து வினோஜாவின் குரல் வந்தது.

“நான் பொதுவாச் சொல்லுறன். ஏழாவது, தாயின் அறியாமை.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“உன்னைச் சொல்லேல்லை. இதுவும் பொதுவாத்தான்.”

வினோஜா விடிந்ததில் இருந்து நாலாவது பம்பேர்ஸைச் சுருட்டிப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பத்து மாதத் தக்சன் மல்லாக்கக் கிடந்து அவளைப் பார்த்தான். பிள்ளை அழுதிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் கிழமை அழுதான், இரண்டாம் கிழமை சிணுங்கினான், இப்போது வெறுமனே பார்த்தான். தொடைச் சதை வற்றித் தோல் மடிந்திருந்தது. எட்டுக் கிலோ தொளாயிரம் இருந்த பிள்ளை, எட்டுக் கிலோ இருநூறு.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. நாலு வருடத்துக்கு முன் உரும்பிராயில் இருந்து கலியாணம் முடித்து வந்தவள். ரிசாந் வேலை செய்த சாப்பாட்டுக் கடை கார்த்திகையில் பூட்டுப்பட்டுவிட்டது. தை மாதத்தில் இருந்து அவன் வடக்கே பாட்ஸ்பியோர்டில், மீன் வெட்டுகிற கொம்பனியில். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வரமாட்டான். எண்பத்தேழில் வரதராசா நோர்வேயில் முதன்முதல் கால் வைத்ததும் அதே ஊர்தான். அங்கே அவர் மூன்று மாதம் மீன் வெட்டினார். அந்த மூன்று மாதத்தைப் பற்றி முப்பத்தெட்டு வருடமாகக் கதைத்து வருகிறார்.

வினோஜா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். இருபது நிமிடம் சட்டியில் அவித்து எடுத்த பால்போத்தில் வெள்ளைத் துணியில் கவிழ்ந்து கிடந்தது. போத்தில் மூடி, சூப்பி, கரண்டி எல்லாம் அவித்தவை. பால்மாவை அளந்து போட்டாள். குழாயின் பிடியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினாள். ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. போத்திலில் ஏந்தி, குலுக்கி, ஆறவைத்தாள்.

சோபாவில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்த வரதராசா தலையாட்டினார்.

“பாத்தியே, பதினோராவது காரணி, கொதிக்க வைக்காத தண்ணி. அது உனக்கில்லை. ஏன் இல்லை?”

“நீங்கள் சொல்லித் தந்தனீங்கள், மாமா.”

“அதை வாயாலை சொல்லோணும். அப்பதான் மற்றவைக்கும் விளங்கும்.”

மற்றவை என்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

சொல்லித் தந்தது உண்மைதான். தாய்ப்பால் ஐந்தாம் மாதம் நின்றபோது, உரும்பிராயில் இருந்து அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்ன முதல் கட்டளை, “பிள்ளைக்குப் பச்சைத் தண்ணி மட்டும் குடுத்திடாதை. கொதிச்சாறின தண்ணிதான் குடுக்கோணும்.” பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணீர், அதற்கு மேல் விளக்கம் அங்கே ஒருவருக்கும் தேவைப்படாது. வினோஜா அன்றைக்கே ஒரு மின்கேத்தில் வாங்கி வந்து தண்ணீர் கொதிக்கவைத்தாள். பிள்ளை பார்க்க வந்த வரதராசா அதைக் கண்டு சிரித்தார்.

“உதென்ன, காட்டுக்குள்ளை இருக்கிறமே? இஞ்சை கீழை நிலவறையிலை பெரிய பொயிலர் ஒண்டு இருக்கு. அதிலை கொதிக்க வைச்சுத்தான் மேலை அனுப்புறான். கொதிச்ச தண்ணியைத் திருப்பிக் கொதிக்க வைச்சால் சத்துப் போயிடும். சிவப்புப் பக்கம் திருப்பு, ஆறவை, குடு. அதுதான் கொதிச்சாறின தண்ணி. நோர்வேக்காரன் எண்டால் சும்மாவே?”

முப்பத்தெட்டு வருட அனுபவத்தோடு எதிர்த்துக் கதைக்க அவளிடம் நாலு வருடம்தான் இருந்தது. கேத்தில் அலுமாரிக்குள் போனது.

“நாளைக்குக் கிளினிக்கிலை எத்தினை மணிக்கு?” என்று வரதராசா கேட்டார்.

“ஒரு மணிக்கு. தாதிதான் எடுத்தவ. நிறை இறங்கிக்கொண்டு போகுது, இருந்து ஆறுதலாக் கதைக்கோணும் எண்டு சொன்னவ.”

“ஆறுதலாக் கதைக்கிறது எண்டு அவை சொன்னால் அதுக்கு வேறை கருத்து.” அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “பயப்பிடுத்தச் சொல்லேல்லை, பிள்ளை. ஆனா பார்ணவார்னுக்கு ஒரு கடிதம் போனால், அவ்வளவுதான். தாய் ஒழுங்காப் பாக்கேல்லை எண்டு எழுதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். நான் எத்தினை குடும்பத்தைப் பாத்தனான்.”

எத்தனை என்று கேட்டால் ஒன்றையும் அவரால் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், பிள்ளைகள் நலப் பகுதியின் அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், வினோஜாவின் கை தானாகத் தக்சனின் முதுகை இறுக்கியது.

“நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. நான் வாறன். நான்தான் உனக்குத் தொல்க், மொழிபெயர்க்கிறது நான். நோர்வேஜியன் எனக்குத் தண்ணிபட்ட பாடு.”

அவர் போன பிறகு, சோபாவின் நடுவில் ஒரு பள்ளம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

வினோஜா அந்தப் பின்னேரத்தைத் துணி தோய்ப்பதில் கழித்தாள். நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான தோய்க்கிற அறை இருந்தது. சுவரில் நேர அட்டவணைப் பலகை ஒன்று. தங்கள் சின்னப் பூட்டைக் கொண்டுபோய் வேண்டிய நேரத்தில் கொழுவிவைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே கொழுவிவிடுவார்கள். அந்தப் பலகை ஒன்றில்தான் அவளுக்கு அயலவரைத் தெரியும். பதினேழாம் இலக்கப் பூட்டு, இருபத்திரண்டாம் இலக்கப் பூட்டு. மின்தூக்கியில் சந்தித்தால் “ஹை” என்பார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து மாடி இலக்கம் மாறுவதைப் பார்ப்பார்கள். மூன்று கிழமையாக அவள் படுக்கை விரிப்பையும் பிள்ளையின் உடுப்பையும் குளியல்தொட்டியிலேயே போட்டு மிதித்துத் தோய்த்தாள்.

தொட்டியில், குழாய்க்கு நேர் கீழே, மறுபடியும் அந்தக் கறை. கிணற்றடிப் பாசி மாதிரி ஒரு பச்சை, நீலம் கலந்த பச்சை. குசினித் தொட்டியிலும் அப்படித்தான். கடையில் விற்கிற தூளுக்கும் அது அசையவில்லை, குளோரினுக்கும் அசையவில்லை. போன சனிக்கிழமை, கறிக்குக் கரைத்த பழப்புளியின் சக்கை கையில் இருக்க, சும்மா அதைப் போட்டுத் தேய்த்தாள். பளிச்சென்று போனது. போய் எட்டு நாளில் மறுபடி வந்துவிட்டது. ஒஸ்லோவில் வீட்டுக்குள் பாசி பிடிக்க விட்டவள் நான் ஒருத்திதான் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாதி வீடு பார்க்க வந்தால் முதலில் இதைத்தான் எழுதுவாள். புளியைத் தேடி எடுத்து வந்து குந்தியிருந்து தேய்த்தாள்.

தொலைபேசி மட்டும் ஓயவில்லை. உரும்பிராயில் இருந்து அம்மா, “பல்லு முளைக்குது, அதுதான்.” ரொறன்ரோவில் இருந்து பெரியக்கா, “மாதுளங்காய்த் தோலை அவிச்சுக் குடு. உங்கை மாதுளங்காய் இருக்குத்தானே? ஒரு படம் எடுத்து அனுப்பு.”

“மாதுளங்காயையோ?”

“இல்லையடி, பம்பேர்ஸை. நிறத்தைப் பாத்தால்தானே சொல்லலாம்.”

லில்லெஸ்ட்ரோமில் இருந்து உதயகுமாரி மாமி, வரதராசாவின் மனைவி, கண்ணூறு என்று தீர்ப்புச் சொன்னாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடச் சொன்னாள். போட்டாள். கூரையில் இருந்த புகைமணி வீறிட்டது. அதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதிலும் பக்கத்து வீட்டுக்காரன் அவள் கதவைத் தட்டிய ஒரே தடவை. “எல்லாம் சரிதானே?” என்று கேட்டான். “சரி” என்றாள். தும்மிக்கொண்டே போனான்.

ரிசாந் ஏழு மணிக்கு எடுத்தான். பின்னால் இயந்திரச் சத்தம்.

“என்னண்டு இருக்கிறான்?”

“அப்பிடியேதான். இண்டைக்கு எட்டுத் தரம்.”

“மருந்துச்சாலையிலை வாங்கின தூள் குடுக்கிறாய்தானே? உப்புத் தூள்?”

“குடுக்கிறன். கொதிச்சாறின தண்ணியிலைதான் கரைச்சுக் குடுக்கிறன்.” அவள் கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், “நீங்கள் நாளைக்கு ஒரு நாள் வரேலாதே?”

“எப்பிடியப்பா வாறது? மீன் வந்து குவிஞ்சு கிடக்கு. ரண்டு பிளேன் மாறோணும். பெரியப்பா வாறார்தானே?”

“ஓம். மாமா வாறார்.”

அதற்கு மேல் இயந்திரம் மட்டும் கதைத்தது.

திங்கட்கிழமை தெருவெல்லாம் கண்ணாடி. உருகிய பனி இரவில் இறுகி, அதன்மேல் தூவிய சரளையையும் மூடிவிட்டது. வினோஜா வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் முள்வார் போட்டு, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வரதராசா கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் தோல்சப்பாத்துமாக வந்திருந்தார். கையில் ஒரு கோப்பு. முள்வார் கிழவர்களுக்கானது என்பது அவர் கருத்து. ஆகவே வழி நெடுக, அறுபத்திமூன்று வயது உபகுழுத் தலைவர் பிள்ளையின் தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்தபடி, வாத்து நடை நடந்து வந்தார்.

தாய்சேய் நிலையத்தில் தாதியின் பெயர் ஹில்டே. நரைத்த கட்டை மயிர், கம்பளிச் சட்டை. வரதராசா கையை நீட்டித் தன் பெயர், பதவி, நாட்டுக்கு வந்த ஆண்டு மூன்றையும் சொன்னார். மொழிபெயர்க்கத் தான் தயார் என்றார். ஹில்டே சிரித்த முகத்தோடு, சொந்தக்காரர்களை மொழிபெயர்க்க விடுவதில்லை என்றாள். தாய் விரும்பினால் அவர் இருக்கலாம். தாய் விரும்புகிறாளா?

வினோஜா அவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே இருந்துவிட்டார்.

ஹில்டே மேசையில் இருந்த தொலைபேசியில் இலக்கங்களை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் வந்தது. இளம் குரல், இங்கேயே பிறந்து, சனிக்கிழமைகளில் தமிழ் படித்த குரல். றகரமும் ரகரமும் அதற்கு ஒன்றுதான்.

“வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர், இலக்கம் நாலு மூண்டு ஒண்டு. இந்த அறையில கதைக்கிற எல்லாத்தையும் நான் மொழிபெயர்ப்பன். நீங்கள் சொல்லுறத ‘நான்’ எண்டே சொல்லுவன். ஒருத்தருக்கும் வெளியில சொல்ல மாட்டன்.”

“குழந்தைப்பிள்ளைத் தமிழ்” என்றார் வரதராசா மெதுவாக.

தொலைபேசி அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் சொன்னது. ஹில்டே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வரதராசா கோப்பைத் திறந்து எதையோ தேடினார்.

ஹில்டே பிள்ளையை நிறுத்தாள். எட்டுக் கிலோ நூறு. கணினியில் கோடு இன்னும் ஒரு படி இறங்கியது. மலச் சோதனையில் கிருமி ஒன்றும் இல்லை என்று வைத்தியர் எழுதியிருக்கிறார், ஆனபடியால் வீட்டுப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறேன் என்றாள். வினோஜா தக்சனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பரீட்சை தொடங்கிவிட்டது. இதில் பெயில் என்றால் பரிசு மடியில் இருக்கிறது.

“அண்மையில வெளிநாடு போனீங்களா?”

“இல்லை.”

“பிள்ளை நேசரிக்குப் போறவரா?”

“இல்லை. என்னோடைதான்.”

“பழச்சாறு, இனிப்புத் தண்ணி குடுக்கிறீங்களா?”

“இல்லை.”

“மிஞ்சின சாப்பாட்ட அடுத்த நாள் குடுக்கிறீங்களா?”

“இல்லை. கஞ்சி அண்டண்டைக்குத்தான் காய்ச்சுறது.”

“வீட்டில வேற ஆருக்கும் வயித்தால போகுதா?”

“வீட்டிலை வேறை ஆரும் இல்லை. நான் தனிய.”

யெய் ஆர் அலேனெ, என்றது தொலைபேசி. வினோஜாவுக்கு அவ்வளவு நோர்வேஜிய மொழி விளங்கும். பிள்ளை பிறக்கமுதல் ஒரு வருடம் வகுப்புக்குப் போனவள். ஆனால் அந்த வசனத்தை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, ரிசாந்துக்கும் சொன்னதில்லை. எங்கேயோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒரு பிள்ளை, நான் தனிய என்று தன் வாயால் சொல்லிவிட்டது. சொன்ன குரல் கொஞ்சம் கரகரத்த மாதிரியும் இருந்தது. அல்லது தொலைபேசிக் கோளாறாக இருக்கலாம்.

“போத்தில எப்பிடிக் கழுவுறீங்கள்?”

“கழுவி, இருபது நிமிசம் அவிக்கிறனான். சூப்பியும் அவிக்கிறனான்.”

“என்ன தண்ணி குடுக்கிறீங்கள்?”

இந்தக் கேள்விக்காகவே அவள் பத்து மாதம் படித்திருந்தாள். நிமிர்ந்து இருந்தாள்.

“பச்சைத் தண்ணி ஒரு நாளும் குடுக்கிறேல்லை. சத்தியமாக் குடுக்கிறேல்லை.”

தொலைபேசி ஒரு கணம் தயங்கியது. பிறகு சொன்னது. அதில் இரண்டு சொல் வினோஜாவுக்குத் தெளிவாகக் கேட்டது: குறொன்ட் வன்.

குறொன்ட் என்றால் புல்லின் நிறம், வன் என்றால் தண்ணீர். முதல் வகுப்பிலேயே படிப்பித்தது.

ஹில்டேயின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. வரதராசா தொடையில் அடித்துச் சிரித்தார்.

“பச்சைத் தண்ணி எண்டால் பச்சை நிறத் தண்ணியே! உவையை வைச்சு அரசாங்கம் தொல்க் வேலை செய்விக்குது! பாத்தியே பிள்ளை, நான் கதைச்சிருந்தால்...”

தொலைபேசி அதையும் மொழிபெயர்த்தது, முழுவதும், தன்னைத் திட்டிய பகுதி உட்பட. பிறகு குரல் சிறுத்து, “மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டிட்டார், மன்னிக்கோணும், அது காய்ச்சாத தண்ணி” என்று இரண்டு மொழியிலும் சொன்னது.

ஹில்டே சிரிக்கவில்லை. திருத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனாலும் கதிரையை வினோஜாவின் பக்கம் திருப்பினாள்.

“இருந்தாலும் கேக்கிறன். உங்கட வீட்டுத் தண்ணியில, தொட்டியில, எங்கயாவது பச்சை நிறம் கண்டனீங்களா?”

பாசி. இதற்குள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பொய் சொல்லலாம். ஆனால் நாலு மூன்று ஒன்று ‘நான்’ என்று சொல்லப்போகிற பொய்யாக அது இருக்கும். அந்தப் பிள்ளையைக் கொண்டு பொய் சொல்விக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“குளிக்கிற தொட்டியிலை இருக்கு. குசினியிலையும். நான் தேய்க்கிறனான். எல்லாக் கிழமையும் தேய்க்கிறனான். பழப்புளி போட்டால்தான் போகுது, பேந்தும் வருது. நான் ஊத்தையா வைச்சிருக்கேல்லை. பிள்ளையின்ரை வெள்ளைக் கோப்பையிலையும் ஒரு வளையம் கிடக்கு.”

“எந்தக் குழாய்க்குக் கீழ?”

“சுடுதண்ணி வாற இடத்திலை.”

“பிள்ளைக்குக் குடுக்கிற தண்ணிய எதில கொதிக்க வைக்கிறீங்கள்?”

“நான் கொதிக்க வைக்கிறேல்லை.” அவளுக்கே அந்தக் கேள்வி புதுமையாக இருந்தது. “அது கொதிச்சுத்தானே வருது. கீழை பொயிலரிலை.”

தக்சன் தாதியின் மேசையில் இருந்த பேனையை எட்டிப் பிடிக்கப் பார்த்தான், எட்டவில்லை.

“இந்த வீட்டில தண்ணிக் குழாய் புதுசா மாத்தினவையா?”

மாற்றினார்கள். தை மாதம் முழுவதும் சுவரைத் துளைத்தார்கள். எட்டாம் மாடிக்குக் கடைசியாக வந்து, தை முடிய நாலைந்து நாள் இருக்கும்போதுதான் போனார்கள். போகும்போது மாடிப்படியில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். அதைப் படம் எடுத்து அவள் வரதராசாவுக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய தொலைபேசியில் அது இன்னும் இருந்தது. தேடி எடுத்து ஹில்டேயிடம் நீட்டினாள். ஹில்டே உரத்து வாசிக்க, நாலு மூன்று ஒன்று தமிழில் சொன்னது.

“புதுச் செம்புக் குழாய்கள் பூட்டப்பட்டுள்ளன. குடிக்கவும் சமைக்கவும் குளிர் தண்ணிய மட்டும் பாவியுங்கள். பாவிக்க முதல் ஓடவிடுங்கள். சுடுதண்ணிக் குழாய்த் தண்ணிய முக்கியமாக் குழந்தைகளுக்குக் குடுக்க வேண்டாம்.”

செம்பு. வினோஜாவுக்கு ஊரில் சாமியறைச் செம்புக்குடம் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதில் பிடிக்கிற பச்சைக் களிம்பு. அதைப் பழப்புளி போட்டு மினுக்குகிற வேலை பன்னிரண்டு வயதில் இருந்து அவளுடையது. களிம்புப் பாத்திரத்தில் வைத்ததை வாயில் வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். அதே பச்சையை அதே புளியால் தேய்த்துக்கொண்டு, அதே தண்ணீரை அவள் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள்.

படத்துக்குக் கீழே வரதராசா அனுப்பிய பதிலும் அப்படியே இருந்தது: ‘வழமையான அறிவித்தல். சுடுதண்ணி திரும்ப வரும் எண்டு போட்டிருக்கு. யோசிக்காதை.’

ஹில்டே கேட்டாள், “சுடுதண்ணிக் குழாய்த் தண்ணி குடுக்கலாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

வரதராசா குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்தார். தரையோடு தரையாக, உதடு அசையாமல் சொன்னார்:

“பிள்ளை, என்ரை பேரைச் சொல்லாதை.”

எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன் என்று தொலைபேசி முதலிலேயே சொல்லியிருந்தது. சொன்ன சொல் தவறவில்லை.

ஹில்டே கணினிப் பக்கம் திரும்பி எதையோ எழுதினாள். உதட்டின் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது.

பிறகு அவள் சொன்னதெல்லாம் நிதானமாக வந்தது. இதுதான் காரணம் என்று இன்றைக்கே சத்தியம் செய்யமுடியாது. தண்ணீரைச் சோதிக்க வேண்டும், வைத்தியர் பின்னேரம் எடுப்பார். ஆனால் சுடுதண்ணீர் புதுச் செம்புக் குழாய்க்குள் கிடந்தால் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும். பெரியவர்கள் தாங்குவார்கள், சின்ன வயிறு தாங்காது. இன்றையில் இருந்து குளிர் தண்ணீர் மட்டும், நன்றாக ஓடவிட்டு. பிள்ளை சோர்ந்தாலோ குடிக்க மறுத்தாலோ உடனே எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடி நிறுப்போம்.

வினோஜா கேட்டாள். கேட்கும்போது குரல் உடைந்தது.

“பிள்ளையை எடுத்துக்கொண்டு போவீங்களோ?”

தொலைபேசி கேட்டது. அதன் குரலும் உடைந்தது; அது தொலைபேசிக் கோளாறு இல்லை.

ஹில்டேக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். “எங்க கொண்டு போறது? உங்கட வீட்டுக்குத்தான். இந்த ஒஸ்லோவில இவ்வளவு துப்பரவான பால்போத்தில் வேற ஒரு வீட்டிலயும் இருக்காது.”

நேரம் முடிந்தது என்றது நாலு மூன்று ஒன்று. “தங்கச்சி” என்று வினோஜா கூப்பிட்டாள். அதற்குள் தொலைபேசி அணைந்துவிட்டது.

திரும்பி வரும்போது வரதராசா மெத்ரோ நிலையம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அது முதல் தடவையாக இருக்கலாம். நிலையத்து வாசலில் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “தண்ணி விசயம் ரிசாந்துக்குச் சொல்ல வேண்டாம். அவன் அங்கை யோசிப்பான்” என்றார். பிறகு தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் பனிமேல் ஆறு அடி வைத்தார். ஏழாவது அடியில் வழுக்கி இருந்துவிட்டார். வினோஜா ஓடிப்போய்த் தூக்கினாள். கோட்டில் ஒட்டிய சரளையைத் தட்டிவிடும்போது, வயதான மனிசன்தானே என்று அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. தன் இரண்டு முள்வாரையும் கழற்றிக் கொடுத்தாள். தனக்குப் பிடிக்கத் தள்ளுவண்டி இருக்கிறது என்றாள்.

செவ்வாய், ஆறு தரம். புதன், மூன்று. வியாழன் வெளிச்சம் வந்த நேரத்தில் பம்பேர்ஸைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இறுகிய, உருண்டையான, ஒழுங்கான ஒன்று. அவளுக்கு அதை யாருக்காவது காட்டவேண்டும் போல் இருந்தது. எட்டு மாடி, ஒரு மாடிக்கு ஆறு வீடு. காட்ட ஒருவரும் இல்லை. படம் எடுத்து ரிசாந்துக்கு அனுப்பினாள். அரை மணித்தியாலத்தால் பதில் வந்தது: ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறனப்பா.’ கொஞ்சம் பொறுத்து, ஒரு பெருவிரல். இன்னும் கொஞ்சம் பொறுத்து, ‘இன்னொருக்கால் படத்தை அனுப்பு. தவறி அழிச்சுப்போட்டன்.’

வெள்ளிக்கிழமை நிறுத்தபோது கோடு ஒரு மயிரளவு ஏறியிருந்தது. தண்ணீர்ச் சோதனையும் வந்தது. செம்பு, அளவுக்கு நாலு மடங்கு. அன்றைக்கும் ஒரு தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இருநூற்றுப் பதினேழு, கனத்த ஆண்குரல், திருத்தமான தமிழ். “எனது குழந்தை நலமடைந்து வருகிறது” என்று அவளிடமே ஒரு தடவை ஒத்திகை பார்த்தார். நாலு மூன்று ஒன்றைத் தரமுடியுமா என்று வினோஜா ஹில்டேயைக் கேட்டாள். கேட்டுப் பெறமுடியாது, யார் வருவார் என்று தனக்கும் தெரியாது என்றாள் ஹில்டே.

சனிக்கிழமை மூன்று மணிக்கு உதயகுமாரி மாமி மண்டபத்தில் இருந்து ஒரு குரல்பதிவு அனுப்பினாள். வரதராசாவின் குரல், ஒலிவாங்கி இரைச்சலோடு.

“...ஆகவே, அன்பான பெற்றோரே, இருபத்திரண்டாவது காரணி, இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனது சொந்த அனுபவ ஆராய்ச்சியில் நான் கண்டறிந்தது, சுடுநீர்க் குழாய்! இதைப் பற்றி நான் நீண்ட காலமாக எச்சரித்து வந்திருக்கிறேன்...”

கைதட்டல். வினோஜா முழுவதும் கேட்டாள். பத்துப் பதினைந்து தாய்மார் அங்கே இருப்பார்கள். அதில் ஒருத்தியாவது சிவப்புப் பக்கம் திருப்புகிறவளாக இருக்கலாம். சரி, கைதட்டட்டும். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெயில் எதிர் மாடியின் விளிம்பில் இருந்து சரிந்து குசினிக்குள் வந்தது. அது பத்து நிமிடம்தான் நிற்கும். தரையில் இருந்த தக்சன், சட்டி மூடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, குழாயைக் காட்டிச் சத்தம் போட்டான்.

“தத்தா. தன். தத்தா.”

வினோஜா குரலைச் சரிசெய்தாள். ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிக்கொண்டு, ஒருவரும் இல்லாத குசினிக்குச் சொன்னாள்:

“நான் மொழிபெயர்ப்பாளர், இலக்கம் நாலு மூண்டு ஒண்டு. எனக்குத் தாகமா இருக்கு. எனக்குப் பச்சத் தண்ணி தாங்கோ.”

தக்சன் சிரித்தான். மூன்று கிழமைக்குப் பிறகு, கீழ்முரசில் இரண்டு பல் தெரிய. அம்மா சொன்னதும் முழுப்பொய் இல்லை.

அவள் குழாயை வலப்பக்கம் திருப்பினாள். ஓடவிட்டாள். விரல் விறைக்கும்வரை கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெயிலுக்கு நேரே உயர்த்தினாள். ஒரு நிறமும் இல்லை. நாலு வருடத்தில் இந்த நாட்டின் காய்ச்சாத தண்ணீரை அவள் தெரிந்து குடித்ததில்லை. முதலில் தானே ஒரு மிடறு குடித்தாள். பல் கூசியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு தரையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, குவளையை இரண்டு கையாலும் பிடித்து, அவன் உதட்டில் வைத்தாள்.